மறைத்து வைத்த பாக்கி

மெல்பர்னில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளி ஹாலில் நடக்கிறது. அன்றைக்குப் பெற்றோர் கூட்டம். வருகைப் பதிவுக்கென்று நானே எழுதிய மென்பொருளை லேப்டாப்பில் திறந்து ப்ரொஜெக்டரில் போட்டேன். பிள்ளைகளின் பெயர், வகுப்பு, வந்த நாட்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒரே ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் சிவப்பு எழுத்து: 'பாக்கி: 2 டெர்ம்'.

ஹாலில் சத்தமே இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா மூணாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவருக்கு வேலை போனது எனக்கும் பொருளாளருக்கும் மட்டும்தான் தெரியும். சட்டென்று லேப்டாப்பை மூடினேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளை வகுப்புக்கு வரவில்லை.

பொருளாளர் திறந்தால் மட்டும் அந்த வரி தெரிய வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம் எப்படித் தெரிந்தது?

நான் பயன்படுத்தியது டபிள்யூ.பி.எஃப். விண்டோஸ் மென்பொருட்களுக்குத் திரை அமைக்க மைக்ரோசாஃப்ட் 2006-ல் வெளியிட்டது. அதில் பட்டன், எழுத்து, கட்டம் எதுவானாலும் 'விசிபிலிட்டி' என்று ஒரு குணம் உண்டு. அதற்கு 3 நிலைகள். 'விசிபிள்' என்றால் தெரியும். 'ஹிடன்' என்றால் தெரியாது, ஆனால் அதன் இடம் காலியாகக் கிடக்கும். 'கொலாப்ஸ்ட்' என்றால் இடமும் போய்விடும். பந்தியில் ஒருத்தர் எழுந்து போன இடம் வெறுமையாக இருந்தால் ஹிடன். பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்துவிட்டால் கொலாப்ஸ்ட்.

எப்போது மறைய வேண்டும் என்பதை 'ஸ்டைல்' பகுதியில் எழுதலாம். 'எப்பவும் கொலாப்ஸ்ட்; திறந்தவர் பொருளாளர் என்றால் மட்டும் விசிபிள்'. இந்த நிபந்தனைக்குப் பெயர் டேட்டா ட்ரிகர். அதைச் சரியாகவே எழுதியிருந்தேன். ஆனால் முதலில் சோதித்துப் பார்ப்பதற்காக அந்த எழுத்தின் மேலேயே நேரடியாக 'விசிபிள்' என்று போட்டிருந்தேன். அதை எடுக்க மறந்துவிட்டேன். நேரடியாக எழுதிய மதிப்பு இருந்தால், ஸ்டைலும் அதிலுள்ள ட்ரிகரும் சொல்வது எடுபடாது. எச்சரிக்கை எதுவும் வராது. வீட்டில் நான் எப்போதும் பொருளாளர் கணக்கில்தான் சோதித்தேன். அதில் தெரிவதுதானே சரி! ஆசிரியர் கணக்கில் திறந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த ஒரு சொல்லை எடுத்ததும் சரியாகிவிட்டது. அன்று மாலையே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மன்னிச்சிடும்மா. முழுக்க என் தப்பு. இப்ப மறைச்சாச்சு, இனிமே யாருக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சரிண்ணா. மறைக்க வேண்டியதை எதுக்கு அந்த ஸ்கிரீன்ல கொண்டாந்து வெச்சீங்க?"

என்னிடம் பதில் இல்லை. 20 வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன். யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கொலாப்ஸ்ட் என்றாலும் அந்த எழுத்து அழிவதில்லை. உள்ளே அப்படியேதான் இருக்கும். ஸ்னூப் என்ற இலவசக் கருவி இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் திரையில் அதை மறுபடி விசிபிள் ஆக்கிவிடலாம். ஸ்டைல் திரைச்சீலை மாதிரி. அது பூட்டு ஆகாது.

அன்று ராத்திரியே மாற்றி எழுதினேன். ஆசிரியர் திறந்தால் கட்டணக் கணக்கை மென்பொருள் எடுத்துக்கொண்டே வராது. கொலாப்ஸ்ட் இப்போதும் இருக்கிறது, திரை பார்க்க ஒழுங்காக இருக்க மட்டும்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் யாராவது எக்செல்லில் பணக் கணக்கு இருக்கும் பத்தியை ஹைட் செய்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பலாம். அதுவும் இதே கதைதான். ஒரு கிளிக்கில் வெளியே வந்துவிடும். அந்தப் பத்தியை அழித்த ஒரு பிரதியை அனுப்பச் சொல்லுங்கள்.

மூணு வாரம் கழித்துப் பிள்ளை வந்தாள். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கையை மட்டும் அசைத்தார்.