காற்று போகும் இடத்துக்கே மருந்தும் போகும்

கடுமையான நுரையீரல் செயலிழப்பில் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்தால் உயிர் பிழைக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். கொரோனா காலத்தில் இந்த வாயுவைப் பற்றி அவ்வளவு பேசப்பட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும், உண்மைதான். ஆனால் பெரியவர்களிடம் மரணம் குறைந்ததற்குச் சான்று இல்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதை சி.டி. ஸ்கேன் படம்தான் விளக்குகிறது.

எக்ஸ்ரேயில் இந்நோயாளிகளின் நுரையீரல் முழுவதும் வெளுத்துத் தெரிவதால், எல்லா இடமும் ஒரே சீராகக் கெட்டுவிட்டதாகவே எண்ணினார்கள். 1980களில் இத்தாலியின் லூசியானோ கட்டினோனி குழுவினர் சி.டி. எடுத்தபோது வேறு காட்சி தெரிந்தது. மல்லாந்து படுத்தவரின் முதுகுப்புறம் நீர்கோத்துச் சுருங்கியிருந்தது. மார்புப்புறம் திறந்திருந்தது, ஆனால் குழந்தையின் நுரையீரல் அளவுக்குத்தான். சுருங்கிய பகுதியில் ஓடும் ரத்தம் ஆக்சிஜன் பெறாமலே திரும்புகிறது. ரத்தத்தைப் பாசன நீர் என்றும் காற்றறைகளை வயல்கள் என்றும் சுருங்கிய பகுதியைத் தரிசு என்றும் கொண்டால், நரம்பில் ஏற்றும் குழாய்விரிப்பு மருந்து எல்லா மடைகளையும் திறந்துவிடும், தரிசும் நீரைக் குடிக்கும். மூச்சில் போகும் வாயுவுக்குத் தரிசுக்குள் நுழைய வழியே இல்லை. பயிர் நிற்கும் வயலின் மடையை மட்டும் அது அகலமாக்கும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபின் அதை நொடிகளில் முடக்கிவிடுவதால் அடுத்த மடையை அது எட்டுவதில்லை. பத்து லட்சத்தில் 5 பங்கு வாயு இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்வது வியப்புதான். ஆனாலும் தரிசில் படிந்த வண்டலை அதனால் அள்ள முடியாது.

வரலாறு சுருக்கமானது. 1993இல் ஜெர்மனியில் ரோசைன்ட் குழு ஆக்சிஜன் ஏறுவதைக் காட்டியது. 1999இல் அமெரிக்கா பச்சிளம் குழந்தைகளுக்கு இதை அனுமதித்தது. அவர்களின் நோய் பெரும்பாலும் நுரையீரல் ரத்தக்குழாய்களின் இறுக்கமே என்பதால் அங்கே பலன் உண்டு. பெரியவர்கள் 385 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது, இறப்பில் மாற்றமில்லை. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சிறுநீரகப் பாதிப்பு கூடுவதையும் கண்டார்கள்.

ஆக்சிஜன் ஏறினால் சில மணி நேரமாவது கிடைக்குமே என்பார்கள். மற்ற வழிகள் அடைபட்ட நிலையில் அதற்காகக் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்நோயாளிகளில் பலர் இறப்பது ஆக்சிஜன் குறைவால் அல்ல, நோய்த்தொற்றாலும் பல உறுப்புகள் செயலிழப்பதாலும்தான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பதோ அந்த சி.டி. காட்சியையே மாற்றுகிறது: முதுகுப்புறம் திறக்கிறது, வென்டிலேட்டரின் அழுத்தம் ஒரு மூலையிலேயே விழாமல் பரவுகிறது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமானது. அதே நோயாளிகளின் தரவை மறுபடி அலசியபோது, குப்புறப் படுத்ததும் யாருக்கு எவ்வளவு ஆக்சிஜன் ஏறியது என்பதை வைத்து, யார் பிழைத்தார் என்று பிரித்தறிய முடியவில்லை.