நூறு பாட்டு, ஒரே சங்கிலி

புத்தகத்தைத் திறக்காமல் நூறு பாட்டை வரிசை பிசகாமல் சொல்ல முடியுமா? திருக்கடையூர் பக்கம் போனால், சொல்கிற பாட்டிமார்களைப் பார்க்கலாம். அவர்கள் சொல்வது, அவ்வூர் அம்பிகையான அபிராமியைப் போற்றும் அபிராமி அந்தாதி.

ரகசியம் பாடல்களின் அமைப்பில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டு தொடங்கும். நூறாவது பாட்டு முடியும்போது முதல் பாட்டின் வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிடும். நடுவில் கவனம் சிதறினால் சங்கிலி அறுந்துபோகும். அதனால், பாடுகிறவர் மனம் வேறெங்கும் ஓடாமல் அம்பிகையிடமே நிற்கிறது. தியானத்துக்கு இதைவிட எளிய வழி உண்டா என்ன!

பாடியவர் அபிராமி பட்டர். தஞ்சை மன்னர் சரபோஜி திதி கேட்டபோது, அம்பிகையின் நினைவிலேயே இருந்த பட்டர், அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சொல்லை மெய்யாக்க வேண்டி அவர் அந்தாதி பாடப் பாட, அம்பிகை தன் காதணியான தாடங்கத்தை வானில் வீசி நிலவாக்கினாள் என்பது பக்தர்கள் போற்றும் கதை. தை அமாவாசையன்று திருக்கடையூர் கோயிலில் இந்த நிகழ்ச்சியை இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

நூறும் பாட நேரமில்லாதவர்கள், செல்வம் வேண்டி 69-ஆம் பாடலை மட்டும் சொல்வதுண்டு. பணத்தோடு அந்தப் பாட்டு நின்றுவிடவில்லை. கல்வியையும், ஒருநாளும் சோர்ந்துபோகாத மனத்தையும் அபிராமியின் கடைக்கண் பார்வை தரும் என்கிறார் பட்டர்.