காலுக்கு இதமான தரை

பொழுதெல்லாம் சமையலறையில் நின்று உங்களுக்குக் கால் கடுக்கிறதா? மொஸைக் தரையில் நாலு சொட்டு எண்ணெய் சிந்தினால், பெரியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியுமே என்று பயமா? ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரப்பர் ஓடுகளை யோசித்துப் பாருங்கள்.

இது நேற்று வந்த புதுமையல்ல. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்துக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஃபர்னஸ் 1894-லேயே இத்தகைய ஓடுகளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்!

பசை வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம். நீங்களே கோத்துவிடலாம். வாடகை வீடு மாறினால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஓர் ஓடு கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

வீடு முழுவதும் பரப்ப வேண்டுவதில்லை. சமையல் மேடைக்கு முன்னால், துணி துவைக்கும் இடத்தில், குழந்தை விளையாடும் மூலையில் போடுங்கள். நாள் முழுதும் நின்று வேலை செய்யும் கடைக் கவுன்ட்டரிலும் பட்டறையிலும் இது காலுக்குப் பெரிய உபகாரம்.

வாங்கும்போது கவனம் தேவை. சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடும். சமையலறைக்கு நைட்ரில் ரப்பரே நல்லது. தண்ணீர் புழங்கும் இடத்துக்குத் துளையுள்ள ஓடுகளாகக் கேளுங்கள். ஓரங்களில் சரிவுப் பட்டை அவசியம். இல்லாவிட்டால் அதிலேயே கால் தடுக்கும். வாரம் ஒருமுறை தூக்கி, அடியிலுள்ள ஈரத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். சிந்திய எண்ணெயையும் உடனே துடைத்துவிடுங்கள்.

வழுக்காமலிருக்கப் போட்ட ஓடே வழுக்கிவிடக் கூடாது அல்லவா?