படுக்கை போடுமுன் பழக்கம் தேட வேண்டும்

கிராமத்து இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்க எண்ணும்போது பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காளான் வளர்ப்பு. நிலம் அதிகம் தேவையில்லை. வைக்கோல் ஊரிலேயே கிடைக்கிறது. கீற்று வேய்ந்த குடில் ஒன்று போதும். சிப்பிக் காளானில் படுக்கை போட்டு மூன்று, நான்கு வாரங்களில் முதல் அறுவடை வந்துவிடும். இவ்வளவு அனுகூலங்கள் இருந்தும், தொடங்கியவர்களில் சிலர் சில மாதங்களிலேயே குடிலைப் பூட்டிவிடுகிறார்கள். காளான் விளையாததால் அல்ல. விளைந்த காளானை வாங்க ஆள் இல்லாததால்.

நெல்லை விலை வரும்வரை மூட்டையில் வைத்திருக்கலாம். மஞ்சளையும் மிளகாய் வற்றலையும் இருப்பு வைக்கலாம். சிப்பிக் காளான் அப்படியல்ல. பறித்தபின் சாதாரண வெப்பநிலையில் ஒரு நாள்தான் தாங்கும். மறுநாள் வாடி, நிறம் மாறிவிடும்.

100 படுக்கைகளை ஒரே நாளில் போட்ட ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். முதல் பறிப்பில் படுக்கைக்குக் கால் கிலோ வந்தாலும் 25 கிலோ ஆகிறது. 200 கிராம் பொட்டலமாகப் போட்டால் 125 பொட்டலங்கள். ஒரு கடை 10 பொட்டலம் எடுத்தாலும் 12 கடைகளுக்கு மேல் தேவை. இரண்டே கடைக்காரர்களைத் தெரிந்தவர் என்ன செய்வார்? யாரோ ஒரு வியாபாரி கேட்கும் விலைக்குத் தள்ளிவிட்டு வருவார். கடன் வாங்கிப் போட்ட முதல் அங்கேயே கரையத் தொடங்கும். எனவே படுக்கை போடுமுன்பே பழக்கங்களைத் தேடிக்கொள்வது அவசியம்.

வித்து தருபவர்

முதல் பழக்கம் காளான் வித்து தருபவருடன் இருக்க வேண்டும். வித்து பழையதாகவோ பிற பூசணம் கலந்ததாகவோ இருந்தால் மற்ற எல்லா வேலையும் வீண். வித்து உற்பத்தி செய்யும் இடத்துக்கு நேரில் சென்று பார்ப்பது நன்று. எந்தத் தேதியில் தயாரித்தது என்று கேட்டு வாங்க வேண்டும். அடுத்த மாதத் தேவையை முன்கூட்டியே சொல்லி, சொன்ன நாளில் பணம் கொடுத்து வாங்குபவருக்கு, தட்டுப்பாடு வரும் நாளிலும் வித்து கிடைக்க வழியுண்டு.

வேளாண் அறிவியல் நிலையம்

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்தின் மாவட்டங்களில் இத்தகைய நிலையங்கள் இயங்குகின்றன. பயிற்சிக்குச் சென்று சான்றிதழோடு திரும்புவதுடன் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான பயன் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

படுக்கையில் பச்சைப் பூசணம் படர்ந்தாலோ, மொட்டு கருகினாலோ, காலம் கடத்தாமல் அதே விஞ்ஞானியிடம் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது வைக்கோல் ஊறிய நேரம், வேகவைத்த நேரம், படுக்கை போட்ட தேதி, குடிலின் வெப்பநிலை ஆகியவற்றை எழுதிக்கொண்டு போனால் காரணம் விரைவில் புலப்படும். பயிற்சியில் உடன் இருந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்து வரத் தவறக்கூடாது. நேரில் செல்ல இயலாதவர்கள் 2004 முதல் இயங்கிவரும் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வாங்குவோரைத் தேடும் முறை

முதல் படுக்கை போடுவதற்கு ஒரு மாதம் முன்பே பக்கத்து நகரத்தில் இரண்டு நாள் சுற்றி வர வேண்டும். காய்கறிக் கடை, பல்பொருள் அங்காடி, உணவு விடுதி, கல்யாண சமையல் ஒப்பந்தக்காரர் ஆகியோரைத் தனித்தனியே பார்க்க வேண்டும். "என் காளானை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவதைவிட, "வாரத்தில் எந்த நாளில் காளான் அதிகம் போகிறது? எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு வசதி? பொட்டலம் எந்த அளவில் வேண்டும்?" என்று கேட்பது நல்லது. கடைக்காரர் தமது தேவையைச் சொல்லத் தொடங்கிவிட்டால் பாதிப் பழக்கம் ஏற்பட்டதாகக் கொள்ளலாம்.

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டமும் இளைஞர்களுக்கு ஒரு வாய்ப்பு. அங்கு வாங்குபவரின் முகம் பார்த்து விற்கலாம். சமைக்கும் முறையை இரண்டு வார்த்தை சொன்னால் அடுத்த வாரமும் தேடி வருவார்கள். புரட்டாசியில் அசைவம் தவிர்க்கும் வீடுகளில் காளானின் தேவை கூடும். அதை எதிர்பார்த்து ஆவணியிலேயே படுக்கைகளை அதிகரித்துக்கொள்ளலாம்.

பக்கத்துக் குடில் பகையல்ல

பக்கத்து ஊரில் ஒருவர் காளான் வளர்த்தால் அவரைப் போட்டியாக நினைப்பது இயல்பு. ஆனால் சிறு உற்பத்தியாளருக்கு அவரே பெரிய துணை. கடைக்காரர் கேட்பது நாள் தவறாத வரத்து. ஒரு குடிலில் முதல் பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். இந்த இடைவெளியில் கடைக்காரர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, படுக்கைகளை ஒரே நாளில் போடாமல் தினமும் சிலவாகப் பிரித்துப் போடுவது. மற்றொன்று, நான்கைந்து பேர் சேர்ந்து, இவர் இந்த வாரம், அவர் அடுத்த வாரம் என்று முறை வைத்துப் போடுவது. ஒருவருக்குக் குறைந்தால் மற்றவர் ஈடு செய்யலாம். வைக்கோலையும் வித்தையும் சேர்ந்து வாங்கினால் வண்டிக் கூலி மிச்சமாகும்.

இந்தப் பழக்கம் நிலைத்தபின் அதற்குச் சட்ட வடிவமும் கொடுக்கலாம். 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கச் சட்டம் இடம் தருகிறது. 2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆனால் ஒருவரையொருவர் நம்பாத 10 பேரைக் காகிதத்தில் சேர்ப்பதால் பயனில்லை. முதலில் நம்பிக்கை, பிறகு பதிவு என்பதே சரியான வரிசை.

வங்கியும் கணக்கும்

கடன் தேவைப்படும் நாளில் மட்டும் வங்கிக்குப் போவது பலரின் வழக்கம். விற்ற பணத்தைச் சிறு தொகையானாலும் கணக்கில் போட்டு வந்தால் தொழில் நடப்பது வங்கிக்குத் தெரியும். தினமும் போட்ட படுக்கை, பறித்த எடை, விற்ற விலை, செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். மேலாளரிடம் அந்த நோட்டே நல்ல சிபாரிசு. உலர்ந்த காளான், ஊறுகாய் என்று பக்குவப்படுத்தி விற்க முற்படுவோர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பழக்கத்தைக் காத்தல்

தேடிய பழக்கத்தைக் காப்பதில் கவனிக்க வேண்டியவை:

1. நாளை வரத்து குறையும் என்றால் இன்று மாலையே கடைக்குச் சொல்லிவிட வேண்டும்.

2. வாடிய பொட்டலத்தைக் கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. எடையில் ஒரு கிராம்கூடக் குறையக்கூடாது.

4. ஓரிடத்தில் விலை கூடக் கிடைத்தது என்பதற்காக, வாக்குக் கொடுத்த கடையை ஒரு நாளும் வெறுங்கையோடு விடக்கூடாது.

5. வெப்பம் மிகுந்த மாதங்களில் சிப்பிக் காளானின் விளைச்சல் குறையும் இடங்களில் பால் காளான் வளர்த்து வரத்தைத் தொடரலாம். பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 இவ்வகையைச் சேர்ந்தது. 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதற்கு ஏற்றது. வளர்ப்பு முறை வேறானதால் முன்னதாகப் பயிற்சி பெறுவது நல்லது.

6. கற்றதைப் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டும். நாளை வரத்துக் குறையும்போது கைகொடுக்கப் போகிறவர் அவரே.

தனி மரம் தோப்பாகாது என்பார்கள். காளான் குடிலுக்கும் இது பொருந்தும். ஆகவே புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் முதலில் 10 அல்லது 20 படுக்கைகளோடு நிற்பது நலம். அந்தக் காளானைத் தவறாமல் எடுத்துக்கொள்ளும் நான்கு கைகளைச் சம்பாதித்தபின், ஒவ்வொரு புதுக் கடைக்கும் ஏற்பப் படுக்கைகளைக் கூட்டிச் சென்றால் நட்டத்துக்கு இடமிராது.