பாமினியில் அடைபட்ட பாடங்கள்

கல்வித் தொழினுட்பச் செயலமர்வு என்றால் யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு நிகழ்ச்சிநிரல் மனப்பாடம்: பவர்பொயின்ற், கூகுள் படிவம், சூம், மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். கருவியை இயக்கத் தெரிந்ததா என்று பார்த்து அந்தச் சான்றிதழைக் கொடுக்கிறோம். பார்க்க வேண்டியது வேறு. அந்த ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தமிழில் எந்தப் பாடத்தை ஆக்கினார்? அதை இன்னொரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்த முடியுமா? இந்த இரண்டுக்கும் விடை இல்லாத பயிற்சி அரைகுறைப் பயிற்சி என்பது என் கட்சி.

இதற்கான பழைய சான்று குடாநாட்டிலேயே இருக்கிறது. 1848 இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆறுமுக நாவலர், மறு ஆண்டு சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். அன்றைய கல்வித் தொழினுட்பம் அதுதான். மானிப்பாயில் அமெரிக்க மிஷனிடம் அச்சகம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் தன் பிள்ளைகள் படிக்க வேண்டியதை மிஷன் அச்சிட்டுத் தரும் என்று நாவலர் காத்திருக்க முடியுமா? படிப்படியாக உயரும் பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சேற்றினார். அவருடைய சமய, சாதிப் பார்வைகளோடு சண்டைபிடிக்க நிறைய இடமுண்டு. அது வேறு கட்டுரை. யந்திரம் கைக்கு வந்ததும் ஆசிரியர் பாடம் ஆக்கும் வேலையில் இறங்கினார் என்பதே இங்கே முக்கியம்.

நம் காலத்துக்கு வந்தால், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் முயற்சி ஒன்று உண்டு. பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயின்ற 230 ஆசிரியர்களை ஒன்பது நிலையங்களில் சேர்த்து, திறந்த கல்வி வளங்களைத் தேடவும் மாற்றவும் ஆக்கவும் பழக்கினார்கள். ஷிரோனிகா கருணாநாயக்கவும் சோம் நாயுடுவும் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் ஆக்கியதை எடுத்துப் பயன்படுத்துவோராக மட்டும் இருந்தவர்கள் ஆக்குவோராகவும் பகிர்வோராகவும் நகர்ந்தார்கள். பயிற்சி நடத்தியவர்களே அதை மதிப்பிட்டார்கள் என்பதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும், வேலை கொடுத்தால் ஆசிரியர் செய்வார் என்பது மிஞ்சுகிறது.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் ஆக்காமலும் இல்லை. வினாத்தாள்களும் குறிப்புகளும் கணினிகளில் குவிந்து கிடக்கின்றன, அவற்றில் ஏராளம் பாமினி எழுத்துருவில். பாமினியில் தமிழ் கண்ணுக்கு மட்டுந்தான். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் கோப்பைத் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். இணையத்தில் தேடினால் அகப்படாது. பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதை வாசித்துக்காட்டாது. யுனிகோட்டில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. செயலமர்வில் அரைநாளை யுனிகோட் தட்டச்சுக்கும் பழைய கோப்புகளை மாற்றுவதற்கும் ஒதுக்கினால், ஓய்வுபெறும் ஆசிரியரின் உழைப்பு அவருடைய கணினியோடு போகாது. கவர்ச்சியான பயிற்சி அல்ல, புகைப்படத்துக்கும் எடுபடாது.

ஆயத்தப் பாடங்கள் தாராளமாகக் கிடைக்கும்போது ஆசிரியர் ஏன் மினக்கெட வேண்டும் என்று கேட்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இருக்கிறது, யூரியூப் இருக்கிறது, கேட்டவுடன் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக் காணொளி ‘ஆக்சிஜன்’ என்னும். நமது பரீட்சைத் தாள் ‘ஒட்சிசன்’ என்னும். சொல் ஒன்றை மாற்றிச் சமாளிக்கலாம், உதாரணத்தை அப்படி மாற்ற முடியாது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலேறும். ஆறும் அணைக்கட்டும் காட்டும் பாடம் புத்தூர்ப் பிள்ளைக்குத் தன் ஊர் நிலாவரைக் கிணற்றை விளக்காது. அந்தக் கிணற்றின் படத்தை வரைய வேண்டியவர் அங்கே படிப்பிக்கும் ஆசிரியர். ஆயத்தப் பாடத்தை அவர் மூலப்பொருளாக எடுத்து வெட்டித் திருத்தட்டும், தவறில்லை.

வசதிக் குறைவைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு வகுப்புகள் வட்ஸ்அப்புக்குப் போனபோது, வீட்டில் இருந்த ஒரே தொலைபேசிக்காகப் பிள்ளைகள் முறைவைத்துக் காத்திருந்தார்கள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. இந்தக் குறைதான் என் வாதத்துக்குப் பலம். நேரலை வகுப்பு இணைப்போடு சேர்ந்து அறுந்துவிடும். சிறு ஒலிக்கோப்பாகவோ இரண்டு பக்கத் தாளாகவோ ஆக்கிய பாடம் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கும் போகும். குறைந்த டேற்றாவுக்கு ஏற்றபடி பாடத்தைச் சுருக்குவதும் கல்வித் தொழினுட்பந்தான், அதைக் கற்பிப்போர்தான் குறைவு.

நேரம் இல்லை என்பது இதைவிட வலுவான மறுப்பு. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை பரீட்சைகள் துரத்துகின்றன, பின்னேரம் பிள்ளைகள் ரியூசனுக்கு ஓடுகிறார்கள். ஓர் ஆசிரியர் எல்லா அலகுகளையும் ஆக்க வேண்டுமென்றால் நடக்காது. யாழ் மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களும் அலகுகளைப் பங்கிட்டால், ஒருவர் பங்குக்குத் தவணைக்கு ஒன்று வந்தாலே அதிகம். அந்த ஒன்றுக்காக நேரசூசியில் இரண்டு பாடவேளைகளை விடுவிக்க வேண்டியவர் ஆசிரியரல்ல, அவரைச் செயலமர்வுக்கு அனுப்பிய வலயக் கல்விப் பணிமனை.