கேஸ் வெல்டிங் சாதனம்: ரெகுலேட்டரும் ரப்பர்க் குழாயும் தெரிந்து வாங்குதல்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டிய வாரங்களில், காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு ஓய்வு கிடையாது. சேற்றுழவுக்கு டிராக்டரில் பூட்டும் கூண்டுச் சக்கரத்தின் சட்டம் விட்டுப்போவதும், கலப்பையின் கை வளைவதும், துருவேறிய மரை கழல மறுப்பதும் அந்த நாட்களிலேதான். டவுன் பட்டறையில் முறை வருவதற்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நாற்றங்காலில் நாற்று முதிர்ந்துகொண்டே போகும். இக்காரணத்தால் நிலக்காரர் சிலர் தாமே ஒரு கேஸ் வெல்டிங் சாதனம் வாங்கி, வேலை தெரிந்த ஆளைக் கொண்டு களத்தருகிலேயே பழுது பார்த்துக்கொள்ள முற்படுகின்றனர். மின்சார வெல்டிங் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். மெல்லிய தகட்டைப் பித்தளையிட்டு ஒட்டவும், இரும்பைக் காய்ச்சி நிமிர்த்தவும், துரு பிடித்த மரையைச் சூடேற்றிக் கழற்றவும், மின்சாரம் இல்லாத இடத்தில் கெட்டித் தகட்டை அறுக்கவும் இதுவே உதவும்.

வாங்கும்போது கண் போவதெல்லாம் ப்ளோபைப்பின் மீதுதான். ரெகுலேட்டரும் ரப்பர்க் குழாயும் கடைசியில், பல சமயம் பழைய சாமான் கடையிலேயே, கிடைத்த விலைக்கு வாங்கப்படுகின்றன. இது தலைகீழான சிக்கனம். ப்ளோபைப் மட்டமானதாயின் பெரும்பாலும் ஒட்டு மட்டமாவதோடு போகும். ரெகுலேட்டரோ குழாயோ மட்டமானதாயின் ஆளின் உயிருக்கே அபாயம்.

நிறைத்து வந்த பிராணவாயுச் சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் இருக்கும். சாதாரண ஒட்டு வேலைக்கு ப்ளோபைப் கேட்பதோ ஒன்றிரண்டு கிலோவுக்கு மேற்படாது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ரெகுலேட்டர் ஒன்றே. நிறைந்த ஏரிக்கும் வயல் மடைக்கும் நடுவே மதகு நிற்பது போன்றது அது. இதில் ஒற்றைப் படி, இரட்டைப் படி என இரு வகை உண்டு. ஒற்றைப் படி ரெகுலேட்டர் முழு அழுத்தத்தையும் ஒரே மூச்சில் குறைப்பது. சிலிண்டர் காலியாகிக்கொண்டு வர வர, வெளிவரும் அழுத்தமும் மாறும். ஆள் அடிக்கடி திருகைச் சரிசெய்ய வேண்டும். இரட்டைப் படியில் முதலில் ஒரு நடுத்தர அளவுக்கும், பிறகு வேலைக்கு வேண்டிய அளவுக்குமாகக் குறைவதால் ஜுவாலை நெடுநேரம் ஒரே சீராக நிற்கும். விலை அதிகம்தான். சீசனில் சில நாட்கள் மட்டும் பழுது பார்க்கும் பண்ணைக்கு நல்ல ஒற்றைப் படியே போதும். ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கமாயின் பிராணவாயுவுக்காவது இரட்டைப் படி வாங்குதல் தகும்.

அஸிடிலீனின் சங்கதி வேறு. அதைத் தனி வாயுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் நெருக்கினால், காற்றோ நெருப்போ இல்லாமலே சிதைந்து வெடிக்கக்கூடும். அதனால்தான் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை அடைத்து, அதில் அஸிடோன் என்னும் திரவத்தை ஊறவைத்து, அதில் வாயுவைக் கரைத்து வைக்கின்றனர். கலங்கரை விளக்குகளுக்கு அஸிடிலீனைத் தானே அளந்துவிடும் ரெகுலேட்டர்களை அமைத்து 1912-ல் பௌதிக நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் தேசத்து குஸ்டாவ் டாலேன், அவ்வாண்டிலேயே அஸிடிலீன் சோதனை ஒன்றில் நேர்ந்த வெடிப்பில் கண்பார்வையை இழந்தார். இவ்வாயுவை அவரைவிட அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆகவே அஸிடிலீன் ரெகுலேட்டர் அவ்வாயுவுக்கென்றே செய்யப்பட்டு, வேலை அழுத்த முகப்பில் எல்லைக்குச் சிவப்புக் குறி இடப்பட்டதாக இருக்க வேண்டும். பிராணவாயு ரெகுலேட்டரை இதற்கு மாட்டும் வழக்கம் கூடவே கூடாது. பிராணவாயுவின் மரைகள் வலப்புரியாகவும், அஸிடிலீனின் மரைகள் இடப்புரியாகவும், விளிம்பில் வெட்டு அடையாளத்துடனும் இருப்பது இந்தத் தவறைத் தடுக்கவே. மரை சேரவில்லையென்று நடுவில் வேறு இணைப்பைச் சொருகுவோர் அந்தக் காப்பையே அழித்துவிடுகின்றனர்.

கடையில் முதலில் ஐ.எஸ். 6901 என்ற இந்தியத் தர எண்ணையும், எந்த வாயுவுக்கு என்ற எழுத்தையும் பார்க்க வேண்டும். பிராணவாயு ரெகுலேட்டரின் சிலிண்டர் முகப்பு 250 கிலோவுக்குக் குறையாமல் காட்டுவதாக இருத்தல் நலம். பழையதை வாங்கியே தீரவேண்டுமானால், விற்பவர் இடத்திலேயே அதைச் சிலிண்டரில் மாட்டிச் சோதிக்க வேண்டும். திருகை முழுதும் தளர்த்திவிட்டு, முகப்புக்கு எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று, சிலிண்டர் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் நெருங்கிய வாயு தானே சூடேறி உள்ளே தீப்பற்றச் செய்வதும் உண்டு. பிறகு ப்ளோபைப் வால்வை மூடியபடி ஓர் அளவுக்கு அழுத்தம் வைத்து, சிறிது நேரம் வேலை அழுத்த முகப்பின் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் தானாக மேலேறிக்கொண்டே போனால் உள்ளிருக்கும் வால்வு இருக்கை கெட்டுவிட்டது என்று அர்த்தம். மதகுப் பலகை சரியாக அடையாமல் நீர் கசிவது போலத்தான். எவ்வளவு மலிவாயினும் அதை விட்டுவிட வேண்டும். முகப்பின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாததும் கழிக்கத்தக்கதே.

குழாயிலும் தர எண்ணைக் கேட்க வேண்டும், அது ஐ.எஸ். 447. பிராணவாயுவுக்கு நீலம் (பழைய குழாய்களில் கறுப்பும் உண்டு), அஸிடிலீனுக்குச் சிவப்பு. மருந்து தெளிப்பானுக்கு வாங்கிய குழாயில் மீந்ததை இதற்கு மாட்டுவோர் உளர். அதன் உள்ளூடு இவ்வாயுக்களுக்கென்று செய்யப்பட்டதன்று. அஸிடிலீனுக்குப் பதில் சமையல் வாயு வகையைக் கொண்டு அறுக்க எண்ணுவோர், அதற்கும் ஏற்ற குழாய்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். அஸிடிலீனுக்கு மட்டுமே ஆன ரப்பரை அவ்வாயு நாளடைவில் கெடுத்துவிடும். குழாயை விரலால் இறுக மடித்துப் பார்த்தால், மேல்தோலில் மயிரிழை வெடிப்பு இருப்பின் தெரிந்துவிடும். நீளம் வேலைக்கு வேண்டிய அளவே போதும். மிகுந்தால் வழியிலேயே அழுத்தம் குறையும், டிராக்டர்ச் சக்கரமும் ஏறும். புதுக்குழாயின் உள்ளே மாவுத்தூள் தங்கியிருக்கக்கூடுமாதலால் முதலில் ஊதிப் போக்கிவிட வேண்டும்.

அறுந்த அஸிடிலீன் குழாயைச் செம்புத் துண்டால் இணைப்பது பெருந்தவறு. செம்பும் அஸிடிலீனும் கூடி, தொட்டாலே வெடிக்கும் ஒரு பொருள் உண்டாகும். இணைப்புகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டாமல், அதற்கான கிளிப்பால் இறுக்க வேண்டும். ப்ளோபைப்பின் முனை அடைத்துக்கொண்டால், அழுத்தம் மிகுந்த பிராணவாயு அஸிடிலீன் குழாய்க்குள் திரும்பிப் பாயும். தீயும் அதன் பின்னே போகும். இதைத் தடுக்கும் திரும்பாத வால்வும் ஜுவாலைத் தடுப்பானும் சாதனத்தின் விலையில் சிறு பங்கே. இவை இல்லாத சாதனத்தைச் சங்கங்கள் வாடகைக்கு விடலாகாது. கிராம அலுவலர்கள் இதை விசாரித்தறிதல் நன்று.

பண்ணைக் கொட்டகைக்கென்றே உள்ள அபாயம் எண்ணெய். கிரீஸும் டீஸலும் கடலை எண்ணெயும் புழங்கும் கையால் பிராணவாயு ரெகுலேட்டரைத் தொடக்கூடாது. நெருங்கிய பிராணவாயுவில் எண்ணெய் தானே பற்றும். மரை இறுக்கமாயிருக்கிறதென்று ஒரு சொட்டு விடுவது கொலைக்குச் சமம். கசிவு பார்க்க எண்ணெய்ப் பசையில்லாத சோப்பு நீரே ஏற்றது. டிரெயிலரில் படுக்க வைத்துக் கொண்டுவந்த அஸிடிலீன் சிலிண்டரைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே திறக்க வேண்டும்; இல்லாவிடில் அஸிடோன் வாயுவோடு வந்து ரெகுலேட்டரின் ஜவ்வையும் குழாயையும் கெடுக்கும். வேலை முடிந்ததும் குழாய்களைச் சுருட்டி, நெல் மூட்டைகளின் அருகில் வைக்காமல் உயரத்தில் மாட்டுதல் நலம். எலிக்கு ரப்பரும் ஒன்றே, சாக்கும் ஒன்றே. கடித்த இடம் மறுபடியும் கொளுத்தும்போதுதான் தெரியவரும்.