ஆராய்ச்சி விண்ணப்பமும் இறுதிப் பார்வையும்

ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி விண்ணப்பம் எழுதுவோர், கருத்துச் சிறந்ததாயின் ஏனையவெல்லாம் தாமே அமையும் என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பிழையென்பதை 2021ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததொன்று காட்டும்.

அந்நாட்டு ஆராய்ச்சிக் கவுன்சில் 20க்கு மேற்பட்ட விண்ணப்பங்களைத் தகுதியற்றனவென்று தள்ளிற்று. குற்றம் யாதெனின், ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வெளிவருமுன் யாவரும் காண வைக்கப்பெறும் முன்னச்சுக் கட்டுரைகளை அவை சுட்டியிருந்தமையே. பௌதிகத்திலும் வானநூலிலும் அது நாடோறும் நிகழும் வழக்கம். ஆயினும் விதி அதனை விலக்கியிருந்தது. இளம் ஆராய்ச்சியாளர் சிலருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அறிஞர் பலர் கண்டித்தபின், அவ்வாண்டு செப்டம்பரிலேயே விதி மாற்றப்பெற்றது. எனினும் தள்ளப்பட்டோர் முறையிட்டே பரிகாரம் தேட நேர்ந்தது.

ஆதலின், நண்பர்களே, விண்ணப்பத்தை அனுப்புமுன் மும்முறை நோக்குதல் நன்று. முதலாவது, அவ்வாண்டு விதிகளை வரிவரியாக வாசித்து ஒப்பிடுக. சென்ற ஆண்டின் நினைவை நம்பற்க. இரண்டாவது, வேலைத்திட்டத்தையும் செலவுக்கணக்கையும் அருகருகே வைத்து, திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணமும், பணம் ஒதுக்கப்படாத வேலையும் உளவோ எனக் காண்க. மூன்றாவது, வேறு துறை நண்பரொருவரை முதற்பக்கத்தை மட்டும் படிக்கச் செய்து, நாம் யாது செய்யக் கருதினோம் என்பதை அவர் வாயாற் கேட்க. அவர் தடுமாறின், குற்றம் அவருடையதன்று.

இவற்றிற்கு அவகாசம் வேண்டும். ஆகவே, குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னரே எழுத்துவேலை முடிக. எழுதிய கண்ணுக்குத் தன் பிழை எளிதிற் புலனாவதில்லை. மதிப்பிடுவோர் கண்ணுக்கோ அதுவே முதலிற் புலனாகும்.